பழைய ஸ்பிரிங் எயார் றைபிளைச் சீராக்குவதா, புதிது வாங்குவதா: முழுமையான வழிகாட்டி

அலுமாரிக்குப் பின்னாலோ வயல் வாடியின் பரணிலோ வருடக்கணக்கில் கிடந்த எயார் றைபிளை வெளியே எடுத்தால் பெரும்பாலும் மூன்று குறைகள்தான் சொல்லப்படும். ஒன்று பவர் இல்லை, மற்றது சத்தம் மட்டும் வருகிறது, இல்லாவிட்டால் சன்னம் (ஈயக் குண்டு) எங்கோ போகிறது. மூன்றுக்கும் ஸ்பிரிங்தான் காரணம் என்று முடிவுகட்டி, கிடைத்த ஸ்பிரிங் ஒன்றைப் போட்டு, அதோடு றைபிளையும் கெடுத்துவிடுவது இங்கே கிழக்கிலங்கையில் வழக்கமாக நடக்கிறது.

ஸ்பிரிங், வாஷர் (காற்றுக் கசியாமல் அடைப்பது), ஓ-றிங் (ரப்பர் வளையம்), ஆணிகள் எல்லாம் தேய்ந்து மாறவேண்டிய பொருட்கள். சைக்கிளின் டயர், ரியூப் போல. அவை கெட்டிருப்பதால் றைபிள் கெட்டுவிட்டது என்று ஆகாது. முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை சன்னம் ஓடும் குழலும், பிஸ்டன் காற்றை அமுக்கும் சிலிண்டரும்தான். அந்த இரண்டும் நன்றாக இருந்தால் 50 வருடப் பழைய றைபிளும் சீராக்கத் தகுந்தது. அவற்றில் ஒன்று போயிருந்தாலும், மற்றதெல்லாம் பளபளப்பாக இருந்து பயனில்லை. அதனால் கீழே சொல்லும் ஒழுங்கிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். காசு செலவாகும் வேலை கடைசியில்தான் வருகிறது.

பத்திரம் முதலில்

இலங்கையில் துப்பாக்கி பற்றிய மூலச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். கையில் இருப்பது எயார் றைபிள்தானே என்று எண்ணி எந்த வேலையும் தொடங்கவேண்டாம். யார் பெயரில் இருந்தது, என்ன பத்திரம் இருக்கிறது என்று வீட்டில் தேடி எடுங்கள். றைபிளை வீட்டில் வைத்துவிட்டு, அதன் படத்தையும் இலக்கத்தையும் மட்டும் கொண்டுபோய் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்திலும் மாவட்டச் செயலகத்திலும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பத்திரம் இல்லாத றைபிளை பஸ்ஸில் கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ ஒரு பட்டறைக்குக் கொண்டுபோவது வீண் வில்லங்கம். புதிது வாங்கவும், வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைக்கவும் முன்கூட்டியே அனுமதி கேட்கவேண்டும். அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால் "புதிதா, பழையதா" என்ற கேள்விக்கு அங்கேயே பாதி விடை வந்துவிடும்.

இன்னொன்றும் இந்த இடத்திலேயே சொல்லவேண்டும். குரங்குக்கும் மயிலுக்கும் இதை நீட்டாதீர்கள். வயல் வட்டைக்குள் அவை செய்யும் அழிவு உண்மை. ஆனால் எயார் றைபிள் சன்னம் அவற்றைத் துரத்தாது. உடம்புக்குள் ஈயத்தோடு நாட்கணக்கில் அழுகவைக்கும். பல வனசீவராசிகளுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. இந்த வழிகாட்டி 10 மீற்றர் கடதாசிக் குறிக்கானது.

கையில் இருப்பது எது

சிலிண்டரின் மேலும் பக்கத்திலும் உள்ள முத்திரையை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து வாசியுங்கள். எமறித்தாள் போடவேண்டாம். எழுத்து அழிந்தால் பாகம் தேடமுடியாது.

"டயானா" என்று இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. ஜேர்மனியின் றாஸ்ராற் நகரில் மேயர் அன்ட் கிறம்மல்ஸ்பாகர் செய்த டயானா வேறு, இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஸ்கொட்லாந்தில் மில்புறோ செய்த டயானா வேறு. போருக்குப் பின் ஜேர்மன் தொழிற்சாலையின் இயந்திரங்களும் பெயரும் பிரித்தானியர் கைக்குப் போனதால் வந்த குழப்பம் இது. மாடல் இலக்கம் ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் வாஷர் மற்றதற்குப் பொருந்தும் என்று நம்பி வாங்காதீர்கள். ஜேர்மன் டயானாவில் சிலிண்டரின் பின்பக்கம் மாதமும் வருடமும் சிறு இலக்கங்களாகக் குத்தப்பட்டிருக்கும். ஐங்கோணத்துக்குள் "எஃப்" எழுத்து இருந்தால் அது ஜேர்மனியின் 7.5 ஜூல் எல்லைக்குள் செய்த றைபிள். அதற்கு அந்த அளவு பவர்தான். அதை 16 ஜூலுக்கு ஏற்றப் பார்க்கவேண்டாம்.

டயானா, வைஹ்ராவ்க், பீ.எஸ்.ஏ., வெப்லி ஆகியவற்றின் பழைய மாடல்களுக்கு வாஷரும் ஸ்பிரிங்கும் வெளிநாடுகளில் இன்னும் செய்யப்படுகின்றன. பெயரே இல்லாத மலிவு றைபிளுக்கு எல்லாவற்றையும் லேத்தில் கடைந்துதான் செய்யவேண்டும். அந்த வேறுபாடு பிறகு கணக்குப் பார்க்கும்போது வரும்.

கழற்றாமலே செய்யும் சோதனைகள்

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவரும்தான். குறிக்குப் பின்னால் ஈரக் களிமண் 10 செ.மீ. தடிப்பில் அடைத்த மரப்பெட்டி வையுங்கள். தென்னங்குற்றி, கல், சீமெந்துச் சுவர் எதுவும் வேண்டாம். ஈயம் திரும்பி வரும்.

றைபிளின் மரக்கட்டையைச் சிலிண்டரோடு பிடிக்கும் ஆணிகளை முதலில் இறுக்குங்கள். திருப்புளியின் நுனி ஆணியின் வெட்டுக்குச் சரியாக இருக்கவேண்டும். "குறி தவறுது" என்று வரும் றைபிள்களில் இந்த ஆணி தளர்ந்திருப்பதுதான் மிகச் சாதாரணமான காரணம். ஸ்பிரிங் றைபிள் சுடும்போது முதலில் பின்னாலும் உடனே முன்னாலும் உதறும். அந்த இரட்டை உதறல் எந்த ஆணியையும் தளர்த்தும்.

அடுத்தது, ஸ்பிரிங்கை இழுக்கக் குழலைக் கீழே மடிக்கும் மூட்டு. றைபிளை மடித்து இழுத்து, குழலைக் கையால் பிடித்தபடி பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் மூட்டு ஆணியைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். குழல் எந்தக் கோணத்தில் விட்டாலும் அதே இடத்தில் நிற்கவேண்டும். அதற்கு மேல் இறுக்கவேண்டாம். இறுக்கியும் ஆடினால் மூட்டுக்குள் இருக்கும் தட்டை வாஷர் தேய்ந்திருக்கிறது.

மடித்திருக்கும்போது குழலை விட்டுவிட்டு ட்றிகரைத் தொடவே கூடாது. குழல் மேலே அடித்து மூடும்போது விரல் நசியும். குழலும் மேல்நோக்கி வளைந்துபோகும். யாரோ முன்பு அப்படிச் செய்திருக்கிறார்களா என்று பார்க்க, குழலின் பக்கத்தில் நேரான இரும்பு அளவுகோல் ஒன்றை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்.

கொக்கி (இழுத்த பிஸ்டனை ட்றிகர் அழுத்தும்வரை பிடித்து நிற்பது) தேய்ந்த றைபிள்தான் உண்மையில் ஆபத்தானது. சன்னம் போட்டு, பெட்டிக்கு நேரே பிடித்து, ட்றிகரில் விரல் வைக்காமல், கட்டையின் பின்முனையில் உள்ளங்கையால் நாலைந்து தரம் தட்டுங்கள். ஒருமுறை தானாக வெடித்தாலும் அந்த றைபிளை ஒதுக்கிவையுங்கள். கொக்கியின் முனையை அரத்தால் ராவிச் சரிசெய்யலாம் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். அந்த முனையின் கடினம் மேற்பரப்பில் மட்டுமே இருக்கும். ராவினால் உள்ளிருக்கும் மெது இரும்பு வெளியே வந்து, சில வாரத்தில் முன்னையதைவிட மோசமாகும்.

காற்றுக் கசிவைப் பார்க்க ரிஷூ பேப்பர் (மெல்லிய துடைதாள்) போதும். 1 செ.மீ. அகலத் துண்டொன்றைக் குழல் சிலிண்டரோடு சேரும் இடத்தின் மேல் வைத்துச் சுடுங்கள். துண்டு துள்ளினால் அந்த இடத்து வாஷர் கசிகிறது. கசிவு சிறிதாக இருந்தாலும் பவரில் நன்றாகத் தெரியும். பலர் ஸ்பிரிங் வாங்கிப் போட்டும் பவர் வராமல் போவதற்கு இந்தச் சிறு ஓ-றிங்தான் காரணம்.

சத்தத்தையும் கேளுங்கள். மடிக்கும்போது கரகரவென்று அரைந்தால், அல்லது ஓரிடத்தில் "டக்" என்று இடறினால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். சுட்டபின் தம்புரா போல அதிர்ந்தால் ஸ்பிரிங்கின் உள்வழிகாட்டி தளர்வு. புகையும் வெடிச்சத்தமும் வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் அமுக்கும் காற்று சூடேறி எண்ணெயைப் பற்றவைக்கிறது. முதல் இரண்டு மூன்று சூட்டில் மெல்லிய புகை வந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு சூட்டிலும் "படார்" என்றால் நிறுத்துங்கள். அது வாஷரையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து உடைக்கும். இங்கே இதற்கு வழக்கமான காரணம் யாரோ ஊற்றிய தேங்காய் எண்ணெய். தையல் மெஷின் எண்ணெயைச் சிலிண்டருக்குள் விட்டாலும் இதுதான் நடக்கும்.

வேகத்தைக் கைபேசியால் அளத்தல்

வேகமானி இங்கே எல்லோரிடமும் இல்லை. கைபேசியின் ஒலிப்பதிவும் அலைவடிவம் காட்டும் செயலி ஒன்றும் இருந்தால் போதும். குறியைச் சரியாக 10 மீற்றரில் வையுங்கள். களிமண் பெட்டியின் முகப்பில் 3 மி.மீ. பிளைவூட் பலகை கட்டினால் சன்னம் படும் சத்தம் கூர்மையாகப் பதியும். கைபேசி குழல் முனைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும்.

பதிவில் இரண்டு கூர்முனைகள் தெரியும். ஒன்று சூடு, மற்றது பலகையில் படுவது. இடைவெளி 0.090 செக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் பட்ட சத்தம் திரும்பி வரவும் நேரம் எடுக்கும். 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர், ஆகவே 10 மீற்றருக்கு 0.029 செக்கன். அதைக் கழித்தால் 0.061. 10ஐ 0.061ஆல் வகுக்க, சராசரி வேகம் செக்கனுக்கு 164 மீற்றர். 0.53 கிராம் சன்னமானால் சக்தி: 0.00053இல் பாதியை 164இன் வர்க்கத்தால் பெருக்க, 7.1 ஜூல். நடுத்தர றைபிளுக்கு அது தாராளம்.

பத்துச் சூடு பதிந்து எழுதுங்கள். சராசரியைவிட முக்கியம் கூடியதுக்கும் குறைந்ததுக்கும் உள்ள வித்தியாசம். செக்கனுக்கு 5 மீற்றருக்குள் என்றால் உள்ளே வாஷர் நன்றாகப் பிடிக்கிறது. 15க்கு மேல் என்றால் கசிவோ எண்ணெய் எரிதலோ இருக்கிறது. வேகம் குறைவாக இருந்தாலும் ஒரே சீராக இருந்தால் அது களைத்த ஸ்பிரிங். மாற்றுவது சுலபம்.

குழல்: இங்கேதான் பாதி முடிவு

றைபிளை மடித்து, அடிப்பக்கமிருந்து சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பியை முனைப்பக்கமிருந்து விட்டுக் குத்துவது குழல் முனையின் விளிம்பைத் தேய்த்துவிடும். குறி தவறுவதற்கு அது ஒன்றே போதும். மீன்பிடிக் கடையில் 1 மி.மீ. தடிப்பு நைலோன் தங்கூசி 1.5 மீற்றர் வாங்கி, இரண்டாக மடித்துக் குழலுக்குள் செலுத்தி, மடிப்பு வளையத்தில் பருத்தித் துணியைச் செருகி இழுங்கள். ஒரு துணியில் மண்ணெண்ணெய், பிறகு துணி சுத்தமாக வரும்வரை உலர்ந்தது. மண்ணெண்ணெய் சிலிண்டருக்குள் இறங்காதபடி குழலைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள்.

இப்போது உள்ளே வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். குழலுக்குள் சுருளாக வெட்டிய புரிகள் முனைவரை கூர்மையாக ஓடவேண்டும். கறுத்த புள்ளிகள் இருந்தால் துரு குழிபறித்திருக்கிறது. அடுத்து, சன்னமொன்றை அடிப்பக்கம் வைத்து, சீவிய மூங்கில் குச்சியால் மெதுவாக முனைவரை தள்ளுங்கள். ஒரே சீரான இறுக்கம் இருக்கவேண்டும். முனைக்குக் கிட்ட வரும்போது சிறிது இறுகினால் இன்னும் நல்லது. சில குழல்கள் அப்படியே செய்யப்பட்டவை. நடுவில் இறுகி முனையில் தளர்ந்துபோனால் கவலைப்படவேண்டும். சைக்கிள் பேரிங் குண்டு, ஆணித்துண்டு போட்டுச் சுட்ட குழலில் இது வழக்கம். உருக்கு புரியை அறுத்துவிடும்.

முனையின் விளிம்பில் காதுக் குச்சிப் பஞ்சைச் சுற்றித் தேயுங்கள். ஓரிடத்தில் பஞ்சு பிடித்து இழுபட்டால் அங்கே வடு. விளிம்பு வடுவை நல்ல லேத் பட்டறையில் 1 மி.மீ. வெட்டி எடுத்துப் புதுமுகம் கொடுக்கலாம். சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்தில் அரிசி ஆலைப் பாகம் கடைபவர்களுக்கும், வாழைச்சேனையில் படகு இஞ்சின் வேலை செய்பவர்களுக்கும் இது கைவந்த வேலை. ஆனால் உள்ளே முனையிலிருந்து 5 செ.மீ.க்குள் ஆழக்குழி இருந்தால் எதுவும் செய்யமுடியாது.

பார்வையை நம்பி மட்டும் தள்ளிவிடாதீர்கள். சுத்தம் செய்தபின் 20 சூடு விட்டு, 10 மீற்றரில் ஐந்தைந்தாக ஐந்து தாளில் சுடுங்கள். கட்டையின் முன்பக்கம் திறந்த உள்ளங்கையில் இலேசாகக் கிடக்கட்டும். மணல்மூட்டையில் அழுத்தினால் ஸ்பிரிங் றைபிள் குறி மாறும். ஐந்து துளையும் 15 மி.மீ.க்குள் விழுந்தால் குழல் தங்கம். 25 மி.மீ. வந்தால் சன்னத்தை மாற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று வகைச் சன்னத்திலும் 40 மி.மீ.க்குக் குறையாவிட்டால், ஆணிகளும் மூட்டும் இறுகியிருக்கும் நிலையில், குழல் முடிந்தது. மேலே படிக்காமல் புதிது வாங்கும் பகுதிக்குப் போகலாம்.

கழற்றுதல்

உள்ளே ஸ்பிரிங் ஓய்ந்திருக்கும்போதும் பல செ.மீ. அமுக்கப்பட்டுத்தான் இருக்கும். பின்மூடியைப் பிடிக்கும் கடைசி இரும்பு ஊசி கழன்ற கணத்தில் அது முகத்துக்கு வரும். ஆகவே கையால் அமுக்கிப் பிடித்துக் கழற்றுவதை யார் செய்து காட்டினாலும் செய்யாதீர்கள்.

ஓடாவியிடம் (தச்சரிடம்) பலகை ஒட்டும்போது பயன்படுத்தும் நீள இரும்புக் கிளாம்ப் இருக்கும். 1 மீற்றர் நீளமானது வேண்டும். மரக்கட்டையிலிருந்து சிலிண்டரைப் பிரித்து எடுங்கள். குழலின் முனைக்கு மெது மரத்துண்டு ஒன்றும், பின்மூடிக்குக் குழி வெட்டிய இன்னொரு மரத்துண்டும் வைத்து, கிளாம்பை இறுக்குங்கள். சிலிண்டர் பக்கவாட்டில் வழுகாதபடி பலகையில் இரண்டு இடத்தில் கட்டவேண்டும். ஊசி மீதுள்ள பாரம் போனதும் அது இலேசாக வெளியே வரும். சுத்தியலால் அடித்தால்தான் வரும் என்றால் கிளாம்ப் இன்னும் சரியாக அமுக்கவில்லை. ஊசியை எடுத்தபின் கிளாம்பை அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். பக்கத்தில் நில்லுங்கள், நேரே பின்னால் நிற்கவேண்டாம். வைஹ்ராவ்க்கின் பல மாடல்களில் பின்மூடி மரையால் பூட்டியிருக்கும். அங்கேயும் கடைசி இரண்டு மரையில் கிளாம்ப் வேண்டும்.

டயானா 27, 35 போன்றவற்றின் ட்றிகர் தொகுதிக்குள் மூன்று சிறு உருக்குக் குண்டுகள் உண்டு. கழற்றும்போது உருண்டு ஓடிவிடும். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். திரும்பப் பூட்டும்போது தடித்த கிறீஸில் ஒட்டி வைத்தால் நிற்கும். ஒவ்வொரு பாகம் எடுக்கும்போதும் கைபேசியில் படம் எடுங்கள்.

உள்ளே பார்த்து என்ன தெரிந்துகொள்வது

சிலிண்டரைத் துடைத்து, முன்முனையில் 10 செ.மீ. தூரத்தைக் கவனியுங்கள். பிஸ்டன் காற்றை அமுக்கும் இடம் அதுதான். விரல்நகத்தில் தட்டாத மெல்லிய நீள்கோடுகள் இருந்தால் பரவாயில்லை. நகம் மாட்டும் கோடு, துருக்குழி இருந்தால் மோட்டார் சைக்கிள் கராஜில் பிறேக் சிலிண்டர் உரசும் கருவி இருக்கும். 400 இலக்கக் கல்லில் எண்ணெய் போட்டு, ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாமல், உரசிப் பாருங்கள். கோடு போனால் நல்லது. போகாத ஆழம் என்றால் சிலிண்டரைப் பெருப்பித்துப் புதுப் பிஸ்டன் கடையவேண்டும். அந்தச் செலவுக்குப் பழைய றைபிள் தகுதியில்லை.

பிஸ்டனில் கொக்கி மாட்டும் இடம் உருண்டு தேய்ந்திருக்கிறதா, மடிக்கும் தண்டில் (குழலை மடிக்கும்போது பிஸ்டனைத் தள்ளும் தண்டு) வெடிப்போ ஒட்டுவேலையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டிய தண்டு மீண்டும் விடும். விடும்போது குழல் கையில் அடிக்கும்.

ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேசையில் உருட்டுங்கள். நடுவில் 3 மி.மீ.க்கு மேல் வளைவு தெரிந்தால் மாற்றவேண்டும். புது ஸ்பிரிங்கும் முதல் சில நாட்களில் 1, 2 செ.மீ. சுருங்கும். ஆகவே நீளம் குறைந்ததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

முடிவு

குழலும் சிலிண்டரும் கொக்கியும் தேறிவிட்டன, வாஷரும் ஸ்பிரிங்கும் மட்டும் போய்விட்டன என்றால் சீராக்குங்கள். தயங்கத் தேவையில்லை. இந்தப் பழைய றைபிள்களின் வால்நட், பீச் மரக் கட்டையும் கனமான உருக்கும் இன்றைய மலிவு மாடல்களில் இல்லை.

குழல் நல்லது, சிலிண்டரில் ஆழக்கோடு என்றால் அதே மாடலில் இன்னொரு உடைந்த றைபிள் சட்டப்படி கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் விடுங்கள். குழல் போனால், கொக்கி தேய்ந்து மாற்றுப்பாகம் இல்லாவிட்டால், மடிக்கும் தண்டு வெடித்திருந்தால் புதிது. கட்டை பிளந்திருப்பதை ஒரு குறையாகவே எண்ணவேண்டாம். எப்பொக்சியும் இரண்டு மரஆணியும் வைத்து ஓடாவி ஒரு நாளில் சரிசெய்வார்.

காசுக் கணக்கில் எங்கள் அளவு இது: பாகம், லேத் கூலி, போக்குவரத்து எல்லாம் சேர்த்துப் புதியதின் அரைவிலையைத் தாண்டினால் நின்று யோசியுங்கள். பெயரில்லாத மலிவு றைபிளுக்கு அந்த எல்லை கால்விலை.

சீராக்கும் வேலை

வாஷர் தோலா, பிளாஸ்டிக்கா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தால் மாற்றுமுன் ஒருமுறை இஞ்சின் ஒயிலில் ஒரு நாள் ஊறவையுங்கள். பல நேரம் உயிர் வந்துவிடும். கிழிந்திருந்தால் புதிது செய்யலாம். கைப்பம்புக்கு வாஷர் வெட்டுபவரிடம் 3 முதல் 4 மி.மீ. தடிப்பான, சாயம் போடாத பதனிட்ட தோல் கேளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, சிலிண்டரின் உள்விட்டத்துக்குக் கடைந்த வளையத்துக்குள், பிஸ்டன் தலைக்குச் சமமான மரத்துண்டால் அமுக்கி, கிண்ண வடிவில் இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் சுருண்டு விறைத்துவிடும். காய்ந்தபின் விளிம்பைச் சமமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, வடித்துத் துடைத்துப் பூட்டுங்கள். நடு ஆணி தளராமல் ஒரு துளி ஆணிப்பசை.

பிளாஸ்டிக் வாஷருக்கு எண்ணெய் எதிரி. 1970, 80களில் வந்த சில வகை வாஷர்கள் காலப்போக்கில் தானாகவே மெழுகுபோல் உதிர்ந்துவிடும். கழற்றும்போது உள்ளே மஞ்சள் பிசின் கண்டால் அதுதான். முழுதும் சுரண்டி எடுத்துப் புதிது போடுங்கள். போடும்போதுதான் பெரும்பாலான பிழை நடக்கிறது. சிலிண்டரின் அடியில் மடிக்கும் தண்டுக்கான நீளவெட்டு இருக்கிறதல்லவா, அதன் விளிம்பு கத்திபோல் இருக்கும். புது வாஷர் அதைத் தாண்டும்போது உதடு சீவப்பட்டுவிடும். சீராக்கி முடித்தும் பவர் முன்னையதைவிடக் குறைந்தால் காரணம் தேடவேண்டிய முதல் இடம் இது. வெட்டின் விளிம்பை மெல்லிய அரத்தாலும் 400 எமறித்தாளாலும் உருட்டி, தூளை முழுதும் துடைத்தபின், மழுங்கிய பிளாஸ்டிக் துண்டால் உதட்டை உள்ளே அமுக்கியபடி பிஸ்டனைத் தள்ளுங்கள்.

எந்த வாஷரானாலும் பொருத்தம் பார்க்கும் முறை ஒன்றுதான். ஸ்பிரிங் இல்லாமல் பிஸ்டனைப் போட்டு, பெருவிரல் பலத்தில் தள்ள நகரவேண்டும். முன்னேயுள்ள காற்றுத் துளையை விரலால் அடைத்துத் தள்ளினால் பந்துபோல் திரும்பித் தள்ளவேண்டும்.

புது ஸ்பிரிங் வாங்குமுன் எளிய கணக்கு ஒன்று போடுங்கள். சுற்றின் எண்ணிக்கையைக் கம்பித் தடிப்பால் பெருக்குங்கள். 32 சுற்று, 3 மி.மீ. கம்பி என்றால் 96 மி.மீ. முழுதாக அமுங்கினால் அதன் நீளம் அதுதான். பிஸ்டன் கொக்கியில் மாட்டிய நிலையில் ஸ்பிரிங்குக்கு உள்ள இடத்தை வேர்ணியரால் அளந்து, 96ஐவிட 5 மி.மீ. ஆவது கூட இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கொக்கி மாட்டாது, மடிக்கும் தண்டுதான் வளையும். மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கை வெட்டிப் போடுவது இதனால்தான் சரிவருவதில்லை. அளவுக்கு மேல் பலமான ஸ்பிரிங்கும் நல்லதல்ல. பிஸ்டன் முன்சுவரில் இடித்து, உதறல் கூடி, குறி சிதறும். முதலில் இருந்த அளவே போதும்.

சுட்டபின் வரும் அதிர்வை நிறுத்த, ஸ்பிரிங்குக்கு உள்ளே போகும் வழிகாட்டியை லேத்தில் புதிதாகக் கடையுங்கள். ஸ்பிரிங்கை முறுக்கித் தள்ளினால் மட்டும் ஏறும் இறுக்கம் வேண்டும். நைலோன் உருளை மலிவு, ஆனால் ஈரத்தை உறிஞ்சி ஊதும். வாவிக்கரைக் காற்றுக்கு டெல்றின் என்ற கடின பிளாஸ்டிக்தான் பொருத்தம். ஸ்பிரிங்கின் இரு முனையும் தட்டையாகத் தேய்த்திருக்கவேண்டும். முனை சாய்ந்தால் ஸ்பிரிங் கோணி, பிஸ்டனை ஒரு பக்கம் உரசும்.

கிறீஸ் குறைவாக. மொலிப்டினம் கிறீஸை, வாஷருக்குப் பின்னால் பிஸ்டனின் பக்கத்தில் விரலால் பூசித் துடைத்தெடுத்தபின் மிஞ்சும் படலம் போதும். ஸ்பிரிங்கிலும் அப்படியே. வாஷருக்கு முன்னால் ஒரு பொட்டும் வேண்டாம். குழலின் அடி ஓ-றிங் தளத்திலிருந்து கால் மி.மீ. துருத்திக்கொண்டிருக்கவேண்டும். அமுங்கியிருந்தால் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் வெட்டிப் போடலாம்.

பூட்டியபின் சன்னம் இல்லாமல் சுட்டுப் பார்க்கும் ஆசை வரும். கூடாது. சன்னத்துக்குப் பின்னால் அடைபட்ட காற்றுத்தான் பிஸ்டனுக்கு மெத்தை. அது இல்லாவிட்டால் இரும்பு இரும்பில் இடிக்கும். 50 சூடு விட்டு, ஆணிகளை மறுபடி இறுக்கி, வேகத்தையும் தாளையும் திரும்ப அளந்து பழைய இலக்கங்களோடு ஒப்பிடுங்கள்.

புதிது என்றால்

வேக இலக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பெட்டியில் போடும் வேகம் மிக இலேசான சன்னத்துக்கானது. கடதாசிக் குறிக்கு 4.5 மி.மீ. விட்டம், 7 முதல் 10 ஜூல், மடிக்க இலகுவானது போதும். ஸ்பிரிங்குக்குப் பதில் வாயு அடைத்த வகை அதிர்வு குறைந்தது. ஆனால் வாயு கசிந்தால் இங்கே திருத்த ஆளில்லை, முழுத் தொகுதியும் வரவழைக்கவேண்டும். கிழக்கில் வாங்குபவருக்கு ஸ்பிரிங் வகையே பாதுகாப்பு. கடையில் மூட்டு ஆட்டம், கொக்கித் தட்டல் ஆகியவற்றைப் புதியதிலும் பாருங்கள். முதல் 500 சூடுவரை வேகமும் குறியும் நிலைப்படாது. அதற்குள் "பிழையான றைபிள்" என்று முடிவுகட்டவேண்டாம். தொலைநோக்கி போடுவதானால் எயார் றைபிளுக்கென்றே செய்தது வேண்டும். இரட்டை உதறலில் மற்றவற்றின் கண்ணாடி கழன்றுவிடும்.

கடற்காற்றில் வைத்திருத்தல்

கல்லடி, பாசிக்குடா, பொத்துவில் போன்ற கரையோர இடங்களில் கைரேகை பட்ட இடம் இரண்டு நாளில் துருப்பிடிக்கும். சுட்டு முடிந்ததும் மெல்லிய இயந்திர எண்ணெய் தோய்ந்த துணியால் வெளி இரும்பு முழுவதையும், எண்ணெய்த் துணியைத் தங்கூசியில் கோத்துக் குழலையும் துடையுங்கள். அடுத்தமுறை சுடுமுன் உலர்ந்த துணியால் குழல் எண்ணெயை எடுத்துவிடுங்கள். றெக்சின் உறையிலும் பஞ்சு வைத்த பையிலும் நீண்டநாள் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கும். மரப்பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகள் போட்டு, ஐப்பசியில் மாரி தொடங்குமுன் அவற்றைப் புதிதாக்குங்கள். தை முடியும்வரை மாதம் ஒருமுறையாவது எடுத்துத் துடைக்கவேண்டும். ஸ்பிரிங் இழுத்த நிலையில் ஒருபோதும் வைக்கக்கூடாது. றைபிளுக்கு ஒரு பூட்டு, சன்னத்துக்கு வேறு இடத்தில் இன்னொரு பூட்டு. ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கவேண்டாம்.